வழக்குப் போடச் சொல்லி ஒரு பெட்டிசம்

நான் எழுதிய பெட்டிசங்களுக்குக் கணக்கில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, பாடசாலைக் கூரை ஒழுகுகிறது, யானை வந்து வேலியை முறித்துவிட்டது என்று கொலனியிலிருந்து அரசாங்கத்துக்குப் போன முறைப்பாடுகள் எல்லாம் என் கையால் எழுதப்பட்டவைதான். அந்தக் காலத்தில் அங்கே ஆங்கிலமும் தமிழும் கோணாமல் எழுதத் தெரிந்த ஆசிரியை நான் ஒருத்தி. அவற்றில் ஒன்றை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் கணவர் மீது வழக்குப் போடும்படி பொலிசுக்கு நானே எழுதினேன். கோபத்தில் எழுதியதல்ல. அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சொல்லச் சொல்ல எழுதியது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுக் குளத்தின் கீழ் இருந்த அந்தக் குடியேற்றக் கொலனியில் காணி கிடைத்து வந்தவர்கள். அவர் வயல் செய்தார், நான் படிப்பித்தேன். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஒரு மண்வெட்டி இரவல் வாங்கினாலும் கழுவித்தான் திருப்பிக் கொடுப்பார். இது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்ததுண்டு. ஊரில் ஒருவரும் செய்யாததை இவர் ஏன் செய்கிறார் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த முறையும் கழுவித்தான் கொடுப்பார்.

அந்த வருடம் காலபோக நெல் நன்றாக விளைந்தது. வெட்டிய கதிரைக் கட்டிக் குவித்து வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் அதைச் சூடு என்பார்கள். நான்கு சூடு. எருமைகளைச் சேர்த்துக் கட்டி, களத்தில் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு மிதித்தால்தான் நெல் உதிரும். எங்களிடம் எருமை இல்லை. குடியேறி வந்தவர்களில் பாதிப்பேரிடம் இல்லை. இருப்பவர் கொடுப்பார், இல்லாதவர் அதற்குப் பதில் ஆளாகப் போய் வேலை செய்வார். இப்படித்தான் அந்தக் கொலனி ஓடியது. என் கணவர் காட்டோரத்துப் பழைய கிராமம் ஒன்றில் இருந்த பெரிய எருமைப் பட்டியிலிருந்து நான்கு கடா கொண்டுவந்து முதல் சூட்டை மிதித்து முடித்திருந்தார்.

மறுநாள் காலை நான் பாடசாலைக்குப் புறப்படுகிற நேரம் வாய்க்கால் கரையால் பொலிஸ் ஜீப் வந்தது. முன் இருக்கையில் சார்ஜனும் ஒரு வயதான மனிதரும் இருந்தார்கள். வயதானவர் இறங்கி நேரே பாலை மரத்தடிக்குப் போனார். அங்கே கட்டியிருந்த கடாக்களின் பின்தொடையில் சுட்டிருந்த குறியைக் கையால் தடவினார்.

“என்ரை குறிதான்” என்றார்.

பட்டிக்குச் சொந்தக்காரர் அவர். நான்கு கடாவைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார். என் கணவர் சொன்னார்: “உங்கடை பட்டி பாக்கிற ஆளிட்டைக் கேட்டு வாங்கினனான்.”

“அவன் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை எண்டு சொல்லுறான்.”

“என்னட்டைத் தந்தவன்.”

சார்ஜன், “உதைப் பொலிசிலை வந்து சொல்லும்” என்றார். என் கணவர் சேட்டு மாற்ற உள்ளே வந்தார். பொத்தானைத் தவறான துளையில் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். கடைசியில் போகும்போது என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கடாக்களை ஒருவன் சாய்த்துக்கொண்டு பின்னால் போனான். பாடசாலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். நான் அன்றைக்கும் பாடசாலைக்குப் போனேன். போகாவிட்டால் ஏதோ நடந்துவிட்டதாக ஆகும் என்று நினைத்தேன். என்னுடைய கெட்டித்தனம் இவ்வளவுதான்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் பஸ்ஸால் வந்து இறங்கினார். இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதினாராம். பட்டி பார்ப்பவனைத் தேடி ஆள் அனுப்பினாராம். அவன் எங்கேயோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டானாம். காலையில் கூப்பிட்டு, “நீர் போகலாம், தேவையெண்டாக் கூப்பிடுவம்” என்றாராம்.

“அவ்வளவுதானோ?” என்று கேட்டேன்.

“அவ்வளவுதான். எழுதின துண்டு ஏதும் தருவியளோ எண்டு கேட்டனான். என்ன துண்டு எண்டார். நான் எடுக்கேல்லை எண்டு ஒரு துண்டு எண்டன். சிரிச்சுப்போட்டு, அப்பிடி ஒரு துண்டு பொலிசிலை இல்லை எண்டார்.”

சோறு போட்டேன். சாப்பிட்டார். அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் சிறைக்கு மறியல் என்று பெயர். கொலை செய்துவிட்டுப் பத்து வருடம் உள்ளே இருந்தாலும் மறியல்தான். பொலிஸ் நிலையத்து மர வாங்கில் ஒரு இரவு குந்தியிருந்தாலும் மறியல்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்திருக்கிற சனத்திடம் நீங்கள் என்ன நியாயம் கதைக்க முடியும்? இரண்டு நாளில் கொலனி முழுக்க, “ரீச்சரின்ரை மனிசன் மறியலாலை வந்திட்டாராம்” என்று பேச்சு. வந்ததைத்தான் சொன்னார்கள். போன காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுபோல விட்டுவிட்டார்கள்.

சங்கக்கடையில் அரிசிக்கு நிற்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பொலிஸ் பிடிக்கிறது வேறை, வழக்குப் போடுறது வேறை என்று விளக்கம் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்றவள் ஓலைப்பையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்:

“அதென்ன ரீச்சர், குளத்திலை பிடிச்ச மீனை ஆரும் திரும்பக் குளத்திலை விடுறவையோ?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் பிடித்த மீனை விட்ட ஆளைக் கண்டதில்லை.

மிச்சம் மூன்று சூடு களத்தில் நின்றது. என் கணவர் எருமை கேட்டுப் போனார். கொலனியில் ஒருவரும் ‘இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவருடைய கடாவுக்குக் கால் நோ. இன்னொருவருடையதை யாரோ முன்னமே கேட்டுவிட்டார்கள். மூன்றாமவர் வீட்டில் இல்லை. ஆனால் அவருடைய சைக்கிள் வேலியில் சாத்தியிருந்தது. ஒரேயொரு பெண் மட்டும் என்னிடம் உண்மையைச் சொன்னாள். “கோவியாதையுங்கோ ரீச்சர். உங்கடை களத்திலை எங்கடை மாடு நிண்டா, பொலிஸ் வந்து அதையும் சாய்ச்சுக்கொண்டு போகும்.” அவள்மேல் எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு.

வேறொருவர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். வற்றாப்பளைக் கோயிலுக்குப் போய் அம்மாளுக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு வந்தால் சனம் நம்பும் என்றார். என் கணவர் கேட்டுக்கொண்டு நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னார்: “என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. கேக்காத கேள்விக்கு அம்மாளிட்டைப் போய் என்னெண்டு மறுமொழி சொல்லுறது?”

இந்த நேரத்தில்தான் இரண்டு காணி தள்ளி இருந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர் காட்டுக்குள் கசிப்பு வடித்தவர். அதில் கொலனியில் யாருக்கும் சந்தேகமில்லை, பாதிப்பேர் குடித்தும் இருக்கிறார்கள். பொலிஸ் இவரைப் பிடித்தது, வழக்கும் போட்டது. வழக்கு ஒரு வருடம் இழுபட்டது. பொலிசார் போத்தல்களுக்கு ஒட்டிய இலக்கத்தில் ஏதோ பிசகு என்று அவருக்காகக் கோட்டில் பேசிய அப்புக்காத்து கண்டுபிடித்தார். நீதவான் விடுதலை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மனிதர் வெடி கொளுத்திக்கொண்டு வந்து இறங்கினார். தீர்ப்பின் பிரதியை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆங்கிலத்தில் இருந்த அதை என்னைக் கூப்பிட்டு மூன்று தரம் வாசிப்பித்தார். அதன் பிறகு அவரைக் கசிப்புக்காரன் என்று யாராவது சொன்னால், “கோடே சொல்லிப்போட்டுது, நீ ஆர்?” என்று கேட்பார். சனமும் வாயை மூடிக்கொண்டது.

அவர் வந்து எங்கள் கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, என் கணவரிடம் சொன்னார்: “அண்ணை, உங்களுக்கு வந்த நட்டம் என்னெண்டா, வழக்குப் போடேல்லை. வழக்கு இருந்தாத்தானே விடுதலை இருக்கும். இப்ப உங்களிட்டைக் காட்ட என்ன இருக்கு? ஒண்டுமில்லை.”

நான் குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரக் கதை என்று நினைத்தேன். அவர் போனபிறகு யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் எனக்குப் பிடிபடவில்லை. வடித்தவர் சுத்தமானவராகிவிட்டார். இவர் ஒன்றும் செய்யாமல் கள்ளனாக நிற்கிறார். இரண்டு பேரையும் பிடித்தது ஒரே பொலிஸ்தான். ஒருவருக்குக் கதை முடிந்தது, மற்றவருக்குத் தொடங்கவே இல்லை, அதனால் முடியவும் இல்லை.

அதற்குப் பிறகு காலம் தப்பி மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஒரு சூட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கையை உள்ளே விட்டால் சூடாக இருந்தது. நெல் முளைக்கத் தொடங்கினால் வருகிற ஒரு புளித்த மணம் களம் முழுக்க அடித்தது. என் கணவர் தனியாக ஓலை கொண்டுபோய் மற்ற இரண்டு சூட்டையும் மூடினார். நனைந்து வந்து தலையைக்கூடத் துடைக்காமல், “பேப்பரும் பேனையும் எடும்” என்றார்.

பெட்டிசம் எழுதினோம். இத்தனையாம் திகதி என்னை எருமைகளைக் களவெடுத்த சந்தேகத்தில் பிடித்து, அடுத்த நாள் விட்டீர்கள். அதனால் எனக்கு ஊரில் மரியாதை போய்விட்டது, நெல்லும் அழிகிறது. ஆகையால் தயவுசெய்து என்மீது வழக்குத் தாக்கல் செய்து, என்னை நீதவான் முன் நிறுத்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதுதான் வாசகம். ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லை நான்தான் போட்டேன். எல்லாப் பெட்டிசத்திலும் போட்டுப் பழகிய கை.

சனிக்கிழமை இரண்டு பேரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். சார்ஜன் வாசித்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். இன்ஸ்பெக்டர் எங்களைக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

“ரீச்சர், இது நீங்கள் எழுதினதோ?”

“ஓம்.”

“படிச்ச ஆள் நீங்கள். இப்பிடி ஒரு பெட்டிசம் நான் என்ரை சேவைக்காலத்திலை காணேல்லை.”

என் கணவர் சொன்னார்: “ஐயா, நீங்கள் என்னைப் பிடிச்சதை எல்லாரும் கண்டவை. விட்டதை ஒருத்தரும் காணேல்லை.”

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. பேனையை மூடி வைத்துவிட்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்து விசாரிக்க நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். வழக்குப் போடுவதென்றால், இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன குற்றத்தை இவர் செய்தார் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும். “நீர் எடுத்தனீர் எண்டு சொல்ல என்னட்டை ஒரு சாட்சியும் இல்லை. இல்லாத குற்றத்தை எழுதி நான் கையெழுத்து வைக்கிறதோ?”

“அப்ப நான் எடுக்கேல்லை எண்டு எழுதித் தாங்கோ.”

“அது என்ரை வேலை இல்லை. வேணுமெண்டா இன்னொருக்காப் பிடிச்சு வைக்கலாம். வழக்கு மட்டும் தர ஏலாது.”

பகிடிக்குத்தான் சொன்னார். சார்ஜனும் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. பெட்டிசத்தைத் திருப்பி வாங்கி நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். பஸ்ஸில் வரும்போது நான் கதை கொடுத்துப் பார்த்தேன். மழை விட்டுவிட்டது என்றேன். “ம்” என்றார்.

அடுத்த கிழமை ஒருநாள் காலை, சங்கக்கடைப் பக்கத்தால் எருமைகள் வருகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு கடாக்கள். முன்னால் தடியோடு நடந்து வந்தவர் அந்தப் பட்டிக்குச் சொந்தக்காரர். எங்கள் படலையடியில் நின்று என் கணவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, என்ரை ஆள்தான் பொய் சொன்னவன். ஒரு கட்டு யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு உமக்குக் கடாவைத் தந்துபோட்டு, எனக்குப் பயத்திலை இல்லையெண்டிட்டான். முந்தநாள்தான் அழுதுகொண்டு வந்து சொல்லுறான். உம்மடை சூடு நிக்குதாம் எண்டு கேள்விப்பட்டன். வாரும், மிதிப்பம்.”

வாசலில் நின்று மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவர் ஊருக்கே கேட்கத்தான் சொன்னார். கொலனி நடுவால் அந்தக் குறி போட்ட பன்னிரண்டு எருமையைச் சாய்த்து வந்ததும் அதற்குத்தான். எனக்கு அந்தக் கிழவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஒரு மணித்தியாலத்தில் களத்தில் நிற்க இடமில்லை. சுளகோடு வந்தார்கள், கடகத்தோடு வந்தார்கள். கால் நோவாக இருந்த கடாவும் வந்தது, நன்றாகவே நடந்தது. மீன் கதை சொன்னவள் என்னோடு குசினியில் நின்று தேங்காய் துருவினாள். கசிப்பு மனிதர் எருமைகளுக்குப் பின்னால் நின்று பெரிய சத்தமாக அதட்டிக்கொண்டிருந்தார், வேறு வேலை ஒன்றும் செய்யவில்லை. நனைந்த சூடு அழிந்ததுதான், அதை மாட்டுக்குப் போட்டோம். மற்ற இரண்டும் தப்பியது. இரண்டாம் நாள் பின்னேரம் எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பிட்ட கையோடு சரியாகிவிட்டது என்பதுதான் அவர்கள் எண்ணம். என் எண்ணமும் அதுதான்.

நான் சட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து குசினி வாசலில் நின்றார்.

“வாற சனிக்கிழமை திரும்ப ஒருக்காப் பொலிசுக்குப் போவம்” என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்கு என்ன விசரே? மாட்டுக்காரரே வந்து சொல்லிப்போட்டார். ஊர் முழுக்க வந்து திண்டுபோட்டுப் போகுது. இன்னும் ஆருக்கு வழக்கு?”

“ஊருக்கு இல்லை.”

“பின்னை ஆருக்கு?”

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “உமக்கு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி நின்றேன் என்றும் சொல்லலாம்.

“நான் பொலிசாலை வந்த அண்டையிலை இருந்து இண்டைவரைக்கும், மாடு எடுத்தனீங்களோ எண்டு நீர் என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லை. சோறு போட்டனீர். பெட்டிசம் எழுதினனீர். சங்கக்கடையிலை எனக்காகச் சண்டை பிடிச்சனீராம். கேக்க மட்டும் இல்லை. கேட்டிருந்தா நான் இல்லை எண்டு சொல்லியிருப்பன். கோட்டிலையாவது கேப்பினம் எண்டு பாத்தன்.”

கேட்காமல் இருந்ததைப் பெரிய பண்பு என்று நான் எனக்குச் சொல்லி வைத்திருந்தேன். மற்றப் பெண்களாக இருந்தால் கேட்டுக் கேட்டு மனிசனைத் தின்றிருப்பார்கள், நான் அப்படி இல்லை என்று. அது பொய். அவர் ஜீப்பில் ஏறும்போது நிலத்தைப் பார்த்த பார்வையில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊருக்கு வந்ததைவிட எனக்கு முதலில் வந்தது. கேட்டால் ஓம் என்றுவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. ஒரு மாதமாக அவரோடு ஒரே வீட்டில் இருந்து, பொலிசைப்போல அவரைப் பிடித்தும் வைத்திருந்தேன், குற்றத்தை எடுத்துச் சொல்லவும் இல்லை.

இப்போது கேட்பதில் அர்த்தமில்லை என்று எனக்குத் தெரியும். உண்மை என்னவென்று கிழவர் வந்து சொல்லிவிட்டார். ஆனாலும் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“நீங்கள் அந்த மாடுகளைக் களவெடுத்தனீங்களோ?”

அவர் வாசல் நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றார். நிலத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இல்லை” என்றார். “நான் எடுக்கேல்லை.”